ஆகஸ்டுக்குப் பின்னால் ஒரு ஜூன்

ஆகஸ்டு என்றுதான் போட்டிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாலும் ஆகஸ்டுதான். பணியாளர் நல நிதிகளுக்கான வரி அங்கீகாரம், ஆகஸ்டு மாதம் வரை வந்த விண்ணப்பங்கள் தற்போது பரிசீலனையில் உள்ளன. அச்சடித்த தாளில் மாதத்தின் பெயரை மட்டும் தனித் துண்டில் எழுதி மேலே ஒட்டியிருக்கிறார்கள். அந்தத் துண்டு கொஞ்சம் தடிமனாகத் தெரிகிறது, அதற்கு அடியில் ஜூலை இருக்க வேண்டும், ஜூலைக்கு அடியில் ஜூன், அதற்கும் அடியில் போன வருஷத்து மாதங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, நகத்தால் நெம்பி ஒவ்வொன்றாக உரித்துப் பார்க்கலாமா என்று கை துறுதுறுக்கிறது. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள், ஐம்பத்தோரு வயசுப் பொம்பளை வரி ஆபீசில் நோட்டீஸைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்வார்கள். உட்கார்ந்தே பார்ப்போம். நான் கொடுத்தது ஜூன் பதினாலு. முத்திரை குத்திய நகல் பைக்குள் இருக்கிறது, அதை மூன்று முறை எடுத்துப் பார்த்தாயிற்று, மூன்று முறையும் ஜூன் பதினாலுதான். ஜூன் முடிந்துதானே ஜூலை வரும், ஜூலை முடிந்துதானே ஆகஸ்டு. ஆகஸ்டுக்காரர்களுடையதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் என் ஜூன் எங்கே போனது? முடிந்திருந்தால் தபால் வந்திருக்கும். முடியவில்லை என்றால் ஆகஸ்டை எப்படித் தொட்டார்கள்? ரேஷன் கடையில் நமக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு போகும்போது வருமே ஒரு இது, அது வருகிறது. ஆனால் கோபம் வரவில்லை, அதுதான் எனக்கே விசித்திரமாக இருக்கிறது. எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான். பெஞ்சு சிமெண்டு பெஞ்சு, மார்ச் மாதத்திலும் சில்லென்று இருக்கிறது.

சீட்டில் பெயர் எழுதி உள்ளே அனுப்பி ஒரு மணி நேரம் ஆகிறது. சுலோசனா, செயலாளர், பணியாளர் பணிக்கொடை நிதி அறக்கட்டளை. செயலாளர் என்று எழுதும்போது இன்னமும் லேசாகச் சிரிப்பு வருகிறது. கம்பெனியில் நான் இருபத்தேழு வருஷமாக ஆபீஸ் வேலை பார்க்கிறவள், மோட்டார் பம்பு செய்கிற கம்பெனி, இருநூற்றுப் பன்னிரண்டு பேர், யாருக்கு என்றைக்கு லீவு, யார் என்றைக்குச் சேர்ந்தார்கள், யார் என்றைக்கு ரிட்டயர் ஆகிறார்கள் எல்லாம் என் மேஜையில். எதிரே இருந்த வார்ப்பு ஆலையை ஒரு வெள்ளிக்கிழமை பூட்டினார்களே, அன்றைக்கு மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கேட்டுக்கு முன்னால் ஆட்கள் சும்மா நின்றார்கள், கத்தவில்லை, கல் எறியவில்லை, பூட்டைப் பார்த்தபடி நின்றார்கள். முப்பது வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு வரவேண்டிய பணிக்கொடையும் அந்தக் கம்பெனிக் கணக்கிலேயே இருந்ததாம், பேங்க்காரன் கணக்கை முடக்கினதும் அதுவும் சேர்ந்து போய்விட்டது. சோற்று டப்பாவை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கே ஆரம்பித்ததுதான் இது. பணத்தைத் தனியாக ஒரு ட்ரஸ்டில் போட்டுவிட்டால் முதலாளியே நினைத்தாலும் எடுக்க முடியாது, ஆனால் அந்த ட்ரஸ்டை வரி ஆபீஸ் அங்கீகரிக்க வேண்டும். நான்தான் படித்தேன், நான்தான் டைப் அடித்தேன், நான்தான் போய்ச் சொன்னேன். முதலாளி கிருபாகரன் முப்பத்தெட்டு வயசுக்காரர், அப்பாவுக்குப் பிறகு வந்தவர், கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, விண்ணப்பம் கொடுப்பதற்கு முந்தின ஆயுத பூஜையன்று சாமி கும்பிட்டு முடிந்து எல்லார் கையிலும் பொரிகடலை இருக்கிறபோது, திடீரென்று முன்னால் வந்து, அரசாங்கம் ஒப்புதல் கொடுத்த அன்றைக்கே மொத்தப் பணத்தையும் ட்ரஸ்டில் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். கைதட்ட முடியவில்லை, கையில் பொரி. எல்லாரும் பொரியோடு சிரித்தார்கள். அவர் முகமும் அப்போது நன்றாக இருந்தது, சந்தோஷப்பட்ட முகம்தான், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஒருவேளை பக்கம் ஒன்பதில் கையெழுத்து விட்டுப்போயிருக்குமோ. ஒன்பதில் போட்டேன், கறுப்பு மையில், மை கொஞ்சம் இழுத்துக்கொண்டது கூட ஞாபகம் இருக்கிறது. பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் பக்கம் விதிமுறைகள், பதிமூன்றில் அறங்காவலர்கள் பட்டியல், கிருபாகரன் தலைவர், நான் செயலாளர், பழனாத்தாள் உறுப்பினர். பழனாத்தாள் அக்கா அதில் கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார், மோட்டாருக்குக் காயில் சுற்றிச் சுற்றிக் கட்டைவிரல் வளைந்துபோன கை, செம்புக் கம்பியைத் தலைமுடி மாதிரி பிரித்து வைக்கிற கை, பேனாவைக் கண்டால் மட்டும் நடுங்குகிறது. முப்பத்தொரு வருஷம். மே மாதம் கடைசி தேதியோடு அக்காவுக்குப் பணி முடிகிறது. அதற்குள் ட்ரஸ்டில் பணம் விழுந்துவிட்டால் ஜூனில் கையில் கிடைத்துவிடும். விழாவிட்டால் போன வருஷம் ரிட்டயர் ஆன மூன்று பேர் மாதிரிதான், அடுத்த மாதம் வாங்க, அடுத்த மாதம் வாங்க என்று அவர்களிடம் சொல்கிற வேலையும் எனக்குத்தான். அந்த மூன்று பேரும் கேட்டுக்குள் வருவது தெரிந்தால் நான் பாத்ரூமுக்குப் போய்விடுகிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போய் உள்ளே தாழ்போட்டுக்கொண்டு நிற்கிறேன். பழனாத்தாள் அக்காவிடமிருந்து அப்படி ஒளிய முடியாது. தினம் காலையில் ஷெட்டுக்குள் போவதற்கு முன்னால் என் மேஜைக்கு வந்து நின்று, ஏனுங் அம்மிணி, காயிதம் வந்துருச்சா என்று கேட்பார். இல்லீங்க்கா என்பேன். செரி, வர்றப்ப வரட்டும் என்று போய்விடுவார். அந்த வர்றப்ப வரட்டும் என்பதுதான் என்னால் முடியாத காரியம். குக்கர் விசில் வருவதற்குள் இரண்டு தடவை போய்ப் பார்க்கிறவள் நான். அப்பம் ஊற்றி மூடினால் நடுவில் மூடியைத் தூக்கிப் பார்த்துவிடுவேன், அதனாலேயே என் அப்பம் நடுவில் வெந்தும் வேகாமலும் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்பில் கட்டி என்று சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்களே, எட்டு நாளில் சொல்கிறோம் என்றார்கள், எட்டு நாளில் நாலு தடவை போன் போட்டேன். நாலாவது தடவை அந்தப் பெண், வந்தா நாங்களே கூப்பிடுவோங்க மேடம், நீங்க கூப்பிடறப்பல்லாம் நான் எழுந்து போய்த் தேட வேண்டியிருக்கு என்றாள். ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. ஆனால் அந்த எட்டு நாள் இடது கை எப்போதும் அங்கேயே இருந்தது, தூக்கத்திலும். இப்போதும் அங்கே போகிறது, எடு கையை.

எப்படித்தான் ஒரு ஃபைல் நகரும்? இதை நான் இத்தனை மாதமாக யோசித்ததே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. கொடுத்தோம், அது போகும், வரும் என்று நினைத்தேனே தவிர, எந்தக் கதவு வழியாகப் போகிறது, யார் தூக்குகிறார்கள், எங்கே படுக்கிறது என்று ஒன்றும் தெரியாது. எதிரே திறந்திருக்கிற கதவுக்குள் இரும்பு அலமாரி தெரிகிறது, ஃபைல்கள் வெள்ளை நாடா கட்டி ஒன்றன்மேல் ஒன்றாக. எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பார்கள்? மேலிருந்து எடுத்தால் கடைசியாக வந்தவனுக்கு முதலில் கிடைக்கும், அது நியாயமில்லை. அடியிலிருந்து உருவினால் மொத்தமும் சரியும். நம் வீட்டில் துணி மடித்து வைத்தால் மேலே இருக்கிற நாலு புடவையைத்தான் மாற்றி மாற்றிக் கட்டுகிறோம், அடியில் இருக்கிற பட்டு ஐந்து வருஷமாக வெளிச்சம் பார்க்கவில்லை. அப்படி அடியில் கிடக்கிறதோ என் ஜூன். நான் சும்மா இருக்கவும் இல்லையே. ஆகஸ்டிலிருந்து மாதாமாதம் முதல் திங்கட்கிழமை ஒரு நினைவூட்டல் கடிதம், தவறியதே இல்லை, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச், எட்டு. ஒவ்வொன்றிலும் வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றினேன், ஒரே மாதிரி எழுதினால் படிக்காமல் போட்டுவிடுவார்களோ என்று. முதலாளிகூட அக்கறையாகத்தான் இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். மாசத்துக்கு ஒண்ணு போட்டுட்டே இருங்க சுலோசனாம்மா, விட்டுடாதீங்க என்றவர் அவர்தான். திங்கட்கிழமை சாயங்காலம் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, போயிருச்சுங்களா என்று கேட்பார். வேறு எதையும் அப்படித் தேதி தவறாமல் கேட்கிற ஆள் இல்லை. அந்தக் கேள்விக்காகவே எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை வந்தது.

"சுலோசனா யாரும்மா? உள்ள வாங்க" என்று கூப்பிட்டது பிரிவு எழுத்தர். மேஜைமேல் பெயர்ப்பலகை, தேவசகாயம். நாற்பது வயசிருக்கும், தெற்கத்திப் பேச்சு, விரலில் பசை காய்ந்து வெள்ளையாக இருக்கிறது. பெரிய பதிவேட்டைத் திருப்பி எங்கள் எண்ணைக் கண்டுபிடித்து, அந்த வரிசையில் விரலை ஓட்டி, ஓட்டி, பக்கத்தைத் தாண்டி ஓட்டினார். மற்ற வரிசைகளில் இரண்டு மூன்று தேதிதான் இருக்கிறது. எங்கள் வரிசையில் இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருக்கிறது. நான் தலையைச் சாய்த்துப் படிக்கப் பார்த்தேன்.

"உங்களுதா இது?" என்றார், ஏதோ நெடுநாள் தேடின ஆளைப் பார்த்த மாதிரி. "எட்டு கடுதாசி போட்ருக்கியளே."

"ஆமாங்க. ஆகஸ்ட்டு வரைக்கும் எடுத்தாச்சுன்னு வெளிய போட்டிருக்குது. எங்களுது ஜூன். எங்கீங்க இருக்குது?"

"இருக்கு, பத்திரமாத்தான் இருக்கு. எங்கயும் போவல." பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். "சொல்லுதேன், பாத்துக்கிடுங்க. ஃபைலு ஆபீசர் மேசைக்கு மாடிக்குப் போவும். அங்க வரிசையா அடுக்கியிருப்பாவ. இருக்க கூட்டத்துக்கு ஒரு ஃபைலு முன்னால வர ஆறு வாரம் ஆவும். உங்களுது ஜூலைலயே போச்சு, அதுக்கப்புறம் குடுத்தவங்களுது கீழ சரிபாத்து மாடிக்குப் போவவே ஆறேழு மாசம் ஆவுது. நாலு வாரத்துல உங்க கடுதாசி வந்துட்டு. வந்த கடுதாசிய ஃபைல்ல சேக்கணும்லா? சேக்கணும்னா ஃபைலு கீழ வரணும். சேத்து, பக்க எண் போட்டு, பதிஞ்சு, மறுபடி மாடிக்கு அனுப்புவோம். போகும்போது கடைசிலதான் போயி உக்காரும். திரும்ப மேல ஏறும், பாதி தூரம் ஏறும்போது அடுத்த கடுதாசி."

ஓரத்தில் செங்குத்தாக இருந்த தேதிகளை விரல் வைத்து எண்ணினேன். அவருக்கு என்னவோ தோன்றியிருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"செப்டம்பர்ல குடுத்த ஒருத்தரு அப்புறம் இந்தப் பக்கமே வரல. இந்தா அடுத்த மாசம் அவருக்கு முடிஞ்சிரும்."

"யாரும் எங்ககிட்ட சொல்லலீங்களே."

"யாரும் கேக்கலியேம்மா. கடுதாசிதான் வந்துச்சு. கடுதாசில ஃபைலு என்ன நெலமைன்னுதான் கேட்ருந்திய, பரிசீலனைல இருக்குன்னு பதில் போட்டோம்." அது உண்மைதான், எட்டு பதிலும் என் அலமாரியில் இருக்கிறது. "போன வாரம் வந்தத சேத்து நேத்துதான் மாடிக்குப் போயிருக்கு. யாரும் தொடலன்னா ஆறு வாரம். ஏப்ரல் கடைசில ஆர்டர் வந்துரும், பேப்பர் எல்லாம் சுத்தமா இருக்கு. விண்ணப்பத்துல கையெழுத்து நீங்கதான? உங்க கையெழுத்துல வந்தாத்தான் ஃபைலக் கீழ எறக்குவோம். மத்தவங்க எழுதுனா தனியா வச்சிருவோம். அதனால உங்க கைலதான் இருக்கு."

வெளியே வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆறு வாரத்துக்கு ஓர் அடுக்கு, நாலு வாரத்துக்கு ஒரு கடிதம். மனசுக்குள் போட்டுப் பார்க்கிறேன், எத்தனை வருஷம் ஆனாலும் சேராது. எழுபது வயசில் நான் இருநூற்றுச் சொச்சமாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பேன், ஃபைல் பாதி தூரம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். சிரிப்பு வருகிறது, உடனே கண்ணும் கலங்குகிறது. கையில் ஒப்புகை அட்டை வரும்போதெல்லாம் ஒரு திருப்தி வந்ததே, இன்றைக்கும் ஒரு அடி வைத்தோம் என்று. அந்த ஒவ்வொரு அடியும் பழனாத்தாள் அக்காவைத்தான் பின்னால் தள்ளியிருக்கிறது. அந்த வளைந்த கட்டைவிரலுக்கு நான் செய்த உபகாரம். முதல் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் ஆகஸ்டிலேயே முடிந்திருக்கும், அக்கா கேட்டுக் கேட்டுப் போன காலைகள் எல்லாம் இருந்திருக்காது. எல்லாரும் இப்படித்தானே நினைக்கிறோம், எழுதிக்கொண்டே இருந்தால்தான் நடக்கும், போய் நின்றால்தான் நடக்கும் என்று, சும்மா இருக்கிறவனை ஏமாளி என்கிறோம். அந்தச் செப்டம்பர்க்காரர் யாராக இருக்கும்? மறதிக்காரரா, தெரிந்தவரா? அவரை ஒரு தடவை பார்க்க வேண்டும் போல இருக்கிறது. மாடியிலிருந்து யாரோ ஃபைல் கட்டுகளைத் தோளில் வைத்து இறங்குகிறார், ஒவ்வொரு படியிலும் செருப்பு டப் டப் என்கிறது, அந்தக் கட்டில் எங்களுது இருக்காது, இருக்கக் கூடாது, நேற்றுத்தான் ஏறியிருக்கிறது. முதலாளியிடம் எப்படிச் சொல்வது? தப்பு என்னுடையது என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். அவரும் பாவம் மாதாமாதம் கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கும் தெரியாதுதானே. திட்டுவார். திட்டட்டும். ஏப்ரல் கடைசியில் வந்துவிடும் என்று சொன்னால் பாதித் திட்டு குறையும். போனை எடுத்து அவர் எண்ணைப் போடுகிறேன்.

முழுவதையும் சொன்னேன். அடுக்கு, கடிதம், கீழே இறங்குவது, கடைசியில் போய் உட்காருவது, எல்லாம். தப்பு என்னுடையதுதானுங்க சார் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் கம்பெனிச் சத்தம் கேட்டது, கடைசல் இயந்திரத்தின் சத்தம். திட்டு வரவில்லை.

"அப்ப தொடலேன்னா ஏப்ரல்ல வந்துருமுங்களா?" என்றார்.

"வந்துருமுங்க சார். பழனாத்தாள் அக்காவுக்கு மே மாசத்துக்குள்ள ஆயிரும்."

"ம். செரிங்க. ஏப்ரல் மொதத் திங்கக்கெழமை வழக்கம்போல ஒண்ணு போட்டுருங்க."

நான் சரியாகச் சொல்லவில்லை என்று நினைத்தேன். அவசரத்தில் உளறியிருப்பேன். "இல்லீங்க சார், போட்டா ஃபைல் மறுபடியும் கீழ வந்துருமுங்க. போடாம இருந்தாத்தான்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"புரிஞ்சுதுங்க சுலோசனாம்மா" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது, டீ சொல்லியாச்சா என்று கேட்கிற குரல். "புரிஞ்சதுனாலதான் சொல்றேன். நான் என்ன, தர மாட்டேன்னா சொன்னேன்? எல்லார்த்து முன்னாலயும் சொன்ன வார்த்தைய நான் எப்படி மாத்தறது. அரசாங்கம் இன்னும் குடுக்கலைன்னா நான் என்ன பண்ண முடியும், நீங்களே சொல்லுங்க. இந்த வருஷம் கம்பெனி இருக்கற நெலமைக்கு அவ்வளவு பணத்த வெளிய எடுக்க முடியாதுங்க. ஒரு வருஷம் ஓடட்டும்."

எதிர்ச் சுவரில் யாரோ பேனாவை உதறியிருக்கிறார்கள், நீல மைத்துளிகள், ஏழோ எட்டோ. எண்ணுகிறேன். இப்போது எதற்கு இதை எண்ணுகிறேன். ஆயுத பூஜையன்று அவர் முகம் நன்றாகத்தான் இருந்தது, நான் பார்த்தேன், அது பொய் முகம் இல்லை. கை தட்டாமல் சிரித்த இருநூறு பேரைப் பார்த்த சந்தோஷம் அது, பணத்தைப் பற்றியது இல்லை. போயிருச்சுங்களா, போயிருச்சுங்களா என்று எட்டுத் திங்கட்கிழமை. உள்ளே ஒரு பெரிய பயம் எழுந்து நெஞ்சில் வந்து நிற்கிறது, இந்த வேலை போனால் இந்த வயசில் எனக்கு எவன் கொடுப்பான், வீட்டு வாடகை, மகளின் கடைசி வருஷப் படிப்பு, அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று முன்னால் வருகிறது, அது பயம் இல்லை, அது அந்தப் பழைய துறுதுறுப்புதான்.

"நான் எழுதலீங்க சார்" என்றேன்.

"என்னங்க?"

"ஏப்ரல்ல எழுதலீங்க. மே மாசமும் எழுதலீங்க. என் கையெழுத்து இல்லாம அந்த ஃபைல் கீழ எறங்காதுங்க, கேட்டுட்டேன்."

யோசித்துத்தான் பேசுகிறீர்களா என்று அவர் கேட்பதற்குள் நான் ஒன்று கேட்டுவிட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, சத்தியமாக, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"சார், கடுதாசி போட்டா ஃபைல் கீழ எறங்கும்னு உங்களுக்கு எப்பீங்க தெரியும்? இன்னைக்கா, இல்ல ஆகஸ்ட்லயேவா?"

அவர் போனை வைத்துவிட்டார்.

அவருக்கு ஆகஸ்டிலேயே தெரியும். மணி பன்னிரண்டரை, பஸ் பிடித்தால் ஒன்றரைக்குக் கம்பெனி, என் நாற்காலி அங்கே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தால், ஏப்ரல் கடைசி வரைக்கும் அந்த மேஜையில் உட்கார்ந்து நான் செய்ய வேண்டியது ஒன்றுமே செய்யாமல் இருப்பது. இருபத்தேழு வருஷத்தில் அந்த ஒரு வேலையை மட்டும் நான் செய்ததே இல்லை.